பரீட்சை அட்டை கிடார்

2003-ல் நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாகாணத்து எடிசனில் குடியிருந்தேன். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் ஊர். சனிக்கிழமை காலைகளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் வேண்டாத சாமான்களையெல்லாம் கார் ஷெட் வாசலில் பரப்பி, விலைச் சீட்டு ஒட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கராஜ் சேல். நம் ஊரில் பழைய பேப்பர்காரர் வீடு தேடி வந்து எடுத்துப் போவதை, அங்கே நாம் கார் எடுத்துக்கொண்டு போய்க் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மனைவிக்கு ஒரு டேபிள் லாம்ப் வேண்டியிருந்தது. போன வீட்டில் லாம்ப் இல்லை. சாம்பல் நிறத்தில் நீளமான ஒரு பெட்டி இருந்தது. ஏதோ தையல் மெஷின் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு எலக்ட்ரிக் கிடார் படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தகடு. கம்பிகளுக்குக் கீழே குறுக்கே பளபளவென்று இரண்டு வெள்ளிக் குழாய்கள். பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர். அதாவது கிடாருக்கு உறையும் அதுதான், ஆம்ப்ளிஃபயரும் அதுதான். டிபன் கேரியரிலேயே அடுப்பையும் சேர்த்து வைத்த மாதிரி.

கிடாரின் தலையில் ‘சில்வர்டோன்’ என்று எழுதியிருந்தது. சும்மா விரலால் அதன் முதுகில் தட்டிப் பார்த்தேன். மரத்தைத் தட்டினால் வருகிற கனமான சத்தம் இல்லை. ‘டொக் டொக்’ என்று பொத்தலாக ஒரு சத்தம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பரீட்சைக்கு எடுத்துப் போவோமே, மேலே கிளிப் வைத்த பழுப்பு நிற அட்டை, அதைத் தட்டினால் வருகிற சத்தம். ஹார்ட்போர்டு. அதில் செய்த கிடாரை அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். 1979-ல், திருச்சி பொன்மலையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

விற்றுக்கொண்டிருந்த பாட்டி சொன்னார்: “என் தம்பியோடது. சியர்ஸ் கடையில் வாங்கினது. கத்துக்கிறேன், கத்துக்கிறேன்னே அவன் காலம் முடிஞ்சுபோச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இது இங்கேதான், பக்கத்தில் நெப்டியூன்ல செஞ்சது” என்றார். ஏதோ மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் சொல்கிற மாதிரி. 150 டாலர் கொடுத்து வாங்கி வந்தேன். லாம்ப் எங்கே என்று மனைவி கேட்டதையும் அதற்கு நான் சொன்ன பதிலையும் விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கிடாரைச் செய்த ஆள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

பெயர் நேதன் டேனியல். 1912-ல் நியூயார்க்கில் பிறந்தவர். லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் செய்யப் போய்விட்டார். அடிப்படையில் ரேடியோ மெக்கானிக் மூளை. 1947-ல் ‘டேன்எலக்ட்ரோ’ என்று தன் பெயரையே கொஞ்சம் திருகிக் கம்பெனிக்கு வைத்து, நியூ ஜெர்சியில் தொழில் ஆரம்பித்தார். சியர்ஸ் மாதிரி பெரிய கடைகளுக்கு ஆம்ப்ளிஃபயர் சப்ளை. 1954-ல் கிடாரும் செய்ய ஆரம்பித்தார்.

கிடார் செய்கிறவர்கள் பரம்பரையாக மரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் காட்டு மரம், எத்தனை வருஷம் காய்ந்தது, என்ன வார்னிஷ் என்று. டேனியல் தச்சர் இல்லை, எலக்ட்ரிக் ஆசாமி. அவர் யோசித்தது வேறு மாதிரி. எலக்ட்ரிக் கிடாரில் சத்தம் எங்கிருந்து வருகிறது? இரும்புக் கம்பி அதிர்கிறது. அதன் கீழே ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். அதற்குப் பெயர் பிக்-அப். ஆக, உடம்பின் முக்கியமான வேலை இதையெல்லாம் ஆடாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு எதற்கு விலை உயர்ந்த மரம்?

நடுவில் சாதாரண மரச்சட்டம். முன்னும் பின்னும் மேஸனைட் என்ற ஹார்ட்போர்டு. மரச்சில்லுகளை ஆவியில் வேகவைத்து நாராக்கி அழுத்திச் செய்கிற அதே அட்டை. ஓரத்தில் ஒட்டுத் தெரியாமல் பிளாஸ்டிக் பட்டை. முடிந்தது உடம்பு.

பிக்-அப்புக்கு மேலே மூட ஒரு உலோகக் கூடு வேண்டும். தனியாக அச்சு செய்து வார்த்தால் செலவு. டேனியல் என்ன செய்தார் தெரியுமா? அழகு சாதனக் கம்பெனிகளுக்கு லிப்ஸ்டிக் குழாய் செய்துகொடுக்கிற இடத்தில் போய், அதே குழாய்களை வாங்கினார். காந்தத்தையும் சுருளையும் ஒரு குழாயில் செருகி, மறு பக்கத்திலிருந்து இன்னொரு குழாயை மாட்டினார். நான் பார்த்த வெள்ளிக் குழாய்கள் அவைதான். இன்றைக்கும் உலகம் பூராவும் அதற்கு ‘லிப்ஸ்டிக் பிக்-அப்’ என்றுதான் பெயர்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் சியர்ஸ் கேட்டலாக்கில் ஒற்றைக் குழாய் மாடல், ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு சேர்த்து 67 டாலர் 95 சென்ட். இரட்டைக் குழாய் மாடல், அதாவது என்னுடையது, அதுவும் நூறு டாலருக்குள்தான். பெரிய கம்பெனிக் கிடார்கள் அப்போது இருநூறுக்கு மேல். ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாக அழ வேண்டும். அதனால் அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர், மில்லில் வேலை செய்கிறவர் வீட்டுப் பையன்கள் பலருக்கும் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்தது இதுதான். தபாலில் வந்த பெட்டியைத் திறந்து, சுவரில் செருகி, அன்று ராத்திரியே அக்கம்பக்கத்துத் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

இப்படி விசித்திரமாகப் பிறந்தது இது மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. இத்தாலியில் அக்கார்டியன் செய்துகொண்டிருந்த வட்டாரம் ஒன்று. ராக் இசை வந்து அக்கார்டியன் வியாபாரம் படுத்ததும் பலர் கிடாருக்கு மாறினார்கள். கையில் இருந்தது அக்கார்டியனுக்கு ஒட்டுகிற ஜிகினா பிளாஸ்டிக்கும் அமுக்குகிற பட்டன்களும். சரி, அதையே கிடாரில் ஒட்டிவிட்டார்கள். எகோ கம்பெனிக் கிடார்களைப் பார்த்தால் கல்யாண வீட்டு பேண்டு வாத்தியம் மாதிரி மினுக்கும். ஜப்பானில் 1965-ல் வென்ச்சர்ஸ் குழு வந்து வாசித்துவிட்டுப் போனதும், நாடே எலக்ட்ரிக் கிடார் பைத்தியம் பிடித்து அலைந்தது. டெய்ஸ்கோ என்ற கம்பெனி ஒரே கிடாரில் நாலு பிக்-அப், வரிசையாக ஸ்விட்ச் என்று வைத்துத் தள்ளியது. ஓவியர் வண்ணம் குழைக்கிற தட்டு வடிவத்தில்கூட ஒரு கிடார் செய்தார்கள். சிகாகோவில் வால்கோ கம்பெனி மரத்தையே விட்டுவிட்டு ஃபைபர் கிளாஸில் வார்த்தது. படகு செய்கிற சமாசாரம்.

இவற்றில் சில ஒரு பத்து வருஷத்தில் மூடிப்போயின. டேனியல் தன் கம்பெனியை 1966-ல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் 1969-ல் இழுத்து மூடினார்கள். கிடார்கள் பரணுக்கும் அடகுக் கடைக்கும் போயின.

அப்புறம்தான் வேடிக்கை. வாங்கக் காசில்லாதவர்களின் கிடாரைக் காசிருக்கிறவர்கள் தேட ஆரம்பித்தார்கள். லெட் செப்பெலின் ஜிம்மி பேஜ் ‘காஷ்மீர்’ பாட்டை மேடையில் வாசித்தது டேன்எலக்ட்ரோவில்தான். அவர் நினைத்திருந்தால் கிடார் கம்பெனியையே வாங்கியிருக்கலாம். ரை கூடர் என்கிற மேதை, டெய்ஸ்கோவின் மலிவு பிக்-அப்பைக் கழற்றித் தன் விலை உயர்ந்த கிடாரில் பொருத்திக்கொண்டார். இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ஜாக் ஒயிட் கையில் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் கிடார் இருக்கும். அது வால்கோ செய்த படகுக் கிடார். தொண்ணூறுகளின் கடைசியில் டேன்எலக்ட்ரோ பெயரை வேறொருவர் வாங்கி, பழைய வடிவத்திலேயே புதுசு செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு இப்படிப் ‘பழசு மாதிரிப் புதுசு’ செய்வதே தனித் தொழில். ஏ.சி. ஹோட்டலில் அரிக்கேன் விளக்கு மாட்டுகிறோமே, அந்த ரகம் என்று கேலி செய்யலாம். நானும் செய்திருக்கிறேன்.

ஆனால் சும்மா பழசு மேல் இருக்கிற மோகம் மட்டும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயர்ந்த கிடாரைப் பார்த்தால் அதைச் செய்தவர் தெரிவதில்லை, கம்பெனிதான் தெரிகிறது. இந்த அட்டைக் கிடாரைப் பார்த்தால் ஒரு ஆள் தெரிகிறார். ‘கையில் இவ்வளவுதான் இருக்கு, இதை வச்சு என்ன பண்ணலாம்?’ என்று மண்டையைச் சொறிந்துகொண்டு நிற்கிற ஒரு ஆள். லிப்ஸ்டிக் கடை வாசலில் அவருக்கு விடை கிடைத்த நிமிஷம் அப்படியே அதில் ஒட்டியிருக்கிறது.

இந்தக் கம்பெனி 1967-ல் ஒரு எலக்ட்ரிக் சிதார்கூடச் செய்தது. வின்னி பெல் என்ற ஸ்டூடியோ கிடாரிஸ்ட்டின் யோசனை. சிதாரில் கேட்கிற அந்த ‘ஜ்ஜ்ங்’ வேண்டும், ஆனால் கிடார் வாசிக்கிறவரே வாசிக்க வேண்டும். என்ன செய்தார்கள் என்றால், கம்பி உட்காருகிற இடத்தைக் கூராக விடாமல் தட்டையாக வளைத்துவிட்டார்கள். கம்பி அதில் உரசி இரையும். மற்றக் கிடாரில் கம்பி இப்படி இரைந்தால் ரிப்பேருக்குக் கொடுப்பார்கள். நம் தம்புராவிலும் இதே சமாசாரம்தான். கம்பிக்கு அடியில் ஜீவாளி என்று ஒரு நூலைச் செருகுவார்கள். அப்போதுதான் தம்புரா ரீங்காரம் செய்யும். நூலை எடுத்துவிட்டால் வெறும் கம்பி. ஒரு இடத்தில் கோளாறு, இன்னொரு இடத்தில் அதற்குப் பெயர் ஜீவன்.

இரைச்சல் என்றதும் பொன்மலைக்கு வரவேண்டியதாகிறது.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ரயில்வே காலனியில் குடியிருந்தோம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு வராந்தாவிலிருந்து கிடார் சத்தம் வரும். என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணனுக்கு அதில் கிறுக்குப் பிடித்தது. ‘அன்னக்கிளி’ வந்து மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். ரேடியோவில் இளையராஜா பாட்டு வந்தால், அண்ணன் பாடகரைக் கேட்கமாட்டான். பின்னால் போகிற கிடாரைத்தான் கேட்பான்.

எலக்ட்ரிக் கிடார் எல்லாம் எங்கள் கனவுக்கே எட்டாத சாமான். அண்ணன் அப்போது ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். வராந்தா வீட்டு அங்கிள் ஒருவர் உடம்பு நொறுங்கிப்போன பழைய கிடாரைக் கொடுத்தார். அதன் கழுத்து மட்டும் தேறியது. உடம்புக்கு ஹார்ட்போர்டு. பழைய இரும்புக் கடையில் டெலிபோன் ரிசீவர் இரண்டு வாங்கிப் பிரித்து, உள்ளே இருந்த காந்தத்தையும் சுருளையும் மட்டும் எடுத்துக் கம்பிக்குக் கீழே பொருத்தினான். ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டு வால்வு ரேடியோ. அதன் பின்பக்கத்தில் கிராமபோன் மாட்ட ஓட்டை இருக்கும், அதில் வயரைச் செருகிவிட்டான். முதல் நாள் அதில் சத்தம் வந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், ரேடியோ வெடித்துவிட்டதோ என்று.

அந்த வருஷ ஆயுத பூஜை. பட்டறையில் ஆயுத பூஜை என்றால் எங்களுக்கு அதுதான் தீபாவளி. சாயங்காலம் காலனியில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. அண்ணனுக்கு இரண்டு பாட்டு வாசிக்க வாய்ப்பு. ரேடியோவை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப் போனோம். நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன். அவ்வளவு பெருமை.

மேடையில் ஸ்விட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. வீட்டில் கொஞ்சமாக இருந்தது, இங்கே டியூப் லைட்டும் சீரியல் பல்பும் சேர்ந்து பத்து மடங்காகிவிட்டது. “என்னப்பா, மாவு மில்லு ஓடுதா?” என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. “டேய், அது பரீட்சை அட்டைடா! பின்னால கிளிப்பு இருக்கா பாரு!” என்றான் இன்னொருவன். மறுபடி சிரிப்பு. அண்ணன் ரேடியோ பக்கத்தில் குனிந்து பிளக்கைத் திருப்பித் திருப்பிச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேடை ஓரத்தில் என் வகுப்புப் பையன்களோடு நின்றிருந்தேன். அண்ணனுக்கும் எனக்கும் ஒரு கை தூரம்.

ஒருத்தன் கேட்டான். “உங்க அண்ணன்தானேடா?”

“இல்லடா. எங்க லைன்ல குடியிருக்கறவரு.”

அண்ணன் நிமிரவில்லை. ஒரு பாட்டு வாசித்தான். இரைச்சலுக்கு நடுவில் என்ன வாசித்தான் என்று யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டுக்கு அவனைக் கூப்பிடவில்லை. வரும்போது ரேடியோவை அவனே பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி வந்தான். கிடார் கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது, பிறகு பரணுக்குப் போனது. அப்பா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எங்கே போனது என்று தெரியவில்லை. அண்ணன் ரேடியோ கடை வைத்தான். பின்னாளில் டி.வி. மெக்கானிக். அந்தக் கடை வருமானத்தில்தான் நான் எம்.சி.ஏ. படித்தேன். கிடாரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எடிசனில் அன்று ராத்திரி காலிங் கார்டு எடுத்துத் திருச்சிக்குப் போன் போட்டேன். அங்கே காலை, கடை திறக்கிற நேரம். “அண்ணே, ஒரு கிடார் வாங்கியிருக்கேன். ஹார்ட்போர்டுல செஞ்சது” என்றேன்.

ஒரு நிமிஷம் சத்தமில்லை. “பிக்-அப் எத்தனை?” என்றான்.

“ரெண்டு.”

“ரெண்டையும் சேத்து ஆன் பண்ணா சத்தம் கூடுதா, குறையுதா?”

போனைக் கீழே வைத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். “நல்லாவே கூடுது.”

“அப்ப சீரீஸ்ல போட்டிருக்கான். என்னோடதும் சீரீஸ்தான்.” குரலில் இருபத்து நாலு வருஷம் காணோம். “காயில் மேல என்ன மூடியிருக்கு?”

லிப்ஸ்டிக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டான். “மெட்டல் குழாயா?”

“ஆமாண்ணே.”

“அதை எர்த் பண்ணியிருப்பான். அடப்பாவி, அவ்வளவுதானா! நான் வெறும் பேப்பரைச் சுத்தி விட்டுட்டேன்டா. அதான் அன்னிக்கு அப்படி இரைஞ்சுது. ஒரு தகர டப்பா போட்டிருந்தாக்கூட…” கொஞ்சம் நிறுத்தி, “முழுசாப் போயிருக்காது. பாதி போயிருக்கும்” என்றான். மெக்கானிக்குகள் பொய் சொல்வதில்லை.

அப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. “அண்ணே… அன்னிக்கு மேடைகிட்ட ஒரு பையன் கேட்டப்ப நான்…”

“தெரியும்டா” என்றான். “இரைச்சல்ல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?”

எனக்குப் பேச வரவில்லை. அவனே பேசினான். “பதிமூணு வயசுப் பையன் வேற என்ன சொல்வான்? விடு. கார்டுல காசு தீந்துடப்போகுது. அங்க நூத்திப்பத்து வோல்ட்டு. இங்க கொண்டுவந்தா அப்படியே சொருகிடாதே, எரிஞ்சுபோயிரும்.”

கொண்டுவரச் சொல்கிறான் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

2004 ஜனவரியில் எடுத்துப் போனேன். விமான நிலையத்தில், இது என்ன என்று கேட்டவர்களுக்கு எல்லாம் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டே போனேன். கடையில் அண்ணன் அதை வாங்கி, வாசிக்கவில்லை. முதலில் ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். டீ ஆறிப்போனது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட்டுக்கு இறக்கி ஆன் செய்தபோது லேசாக இரைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு வாசித்தான். விரல் மறந்திருந்தது. ஆனாலும் அன்றைக்கு மேடையில் வாசிக்காமல் விட்ட இரண்டாவது பாட்டு எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது டி.வி. ரிப்பேருக்கு யார் வருகிறார்கள்? கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. கிடார் அவன் வீட்டு ஹாலில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சால்டரிங் அயர்ன், மல்ட்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்து மனையில் வைத்து, அவற்றுக்குப் பக்கத்தில் அதையும் வைக்கிறான். அண்ணிதான் பொட்டு வைப்பாள். உடம்பில் வைத்தால் பெயின்ட் போய்விடும் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், இரண்டு லிப்ஸ்டிக் குழாய்க்கும் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு.